விண்மீனை நிறுக்கும் தராசு

எளிய ஊசல் ஒன்றைத் தொங்கவிட்டு, இருபது அலைவுகளுக்குச் செல்லும் நேரத்தை நிறுத்தற் கடிகாரத்தால் அளந்து, புவியீர்ப்பு ஆர்முடுகலைக் கணிக்கும் பரிசோதனையை அறியாதார் விஞ்ஞான வகுப்பிற் பயின்ற பழைய மாணவருள் எவரும் இரார். 981 என்னும் விடை புத்தகத்தில் முன்னரே அச்சிடப்பட்டிருந்தது. நமக்கு ஒருநாள் வந்த விடையோ 1002. நாம் என் செய்தோம்? பென்சிலால் எழுதியிருந்த நேரங்களுள் இரண்டை அழிறப்பரால் அழித்தோம்; 980 வரும்படி வேறு இரண்டை எழுதினோம்; முழுப் புள்ளியும் பெற்றோம். ஐம்பது சென்ரிமீற்றர் ஊசலின் நீளத்தைக் குண்டின் நடுவரை அளவாது அதன் அடிவரை அளந்துவிட்டமையே அவ்வேறுபாட்டின் காரணம் என்பதைப் பல ஆண்டுகளின் பின்னரே உணர்ந்தோம். நாம் அழித்தவை பிழையான எண்கள் அல்ல. நமது பிழையை நமக்குக் காட்ட வந்த சாட்சிகளையே நாம் அழித்துவிட்டோம்.

கல்லூரியின் விழா மலரிலே விண்ணியலைப் பற்றி எழுதப் புகுந்த நாம் இப்பழங்கதையுடன் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. இளம் இரட்டை விண்மீன்களின் சுற்றுப்பாதையையும் திணிவையும் அளக்கும் பணி, நாம் அன்று செய்யத் தவறியதை நேர்மையாகச் செய்வதன்றி வேறன்று. அப்பணியிலிருந்து நம் பள்ளிக்கூடங்கள் கற்கவேண்டிய பாடம் ஒன்று உளது என்பதே நமது கருத்து.

விண்மீனை நிறுப்பது எங்ஙனம்? தனித்து நிற்கும் விண்மீனின் ஒளியை அளக்கலாம், நிறத்தை அளக்கலாம், திணிவை நேரே அளத்தல் அரிது. இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றுமாயின், அவற்றின் ஈர்ப்பே தராசாகின்றது. கெப்ளரின் மூன்றாம் விதியின்படி, இரண்டுக்கும் இடையேயுள்ள சராசரித் தூரத்தை ஞாயிற்றுக்கும் பூமிக்கும் இடையேயுள்ள தூரத்தை அலகாகக் கொண்டு அளந்து, அதன் கனத்தை, சுற்றும் காலத்தின் வர்க்கத்தால் வகுத்தால், இரண்டின் மொத்தத் திணிவும் ஞாயிற்றின் திணிவை அலகாகக் கொண்டு கிடைத்துவிடும். நம் தென்வானிலே தாழ்ந்து தோன்றும் அல்பா சென்ரோறி என்பதை எடுத்துக்கொள்வோம். அதன் சராசரித் தூரம் ஏறக்குறைய 23.5 அலகு, சுற்றும் காலம் ஏறக்குறைய 80 ஆண்டு. 23.5இன் கனம் ஏறக்குறைய 12,980. 80இன் வர்க்கம் 6,400. ஆகவே மொத்தத் திணிவு ஏறக்குறைய இரண்டு ஞாயிறுகள். உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் தாளின் ஓரத்திலே செய்யத்தக்க கணக்கு இது.

கணக்கு எளிது, அளவுதான் அரிது. சில இரட்டைகள் உண்மையாகவே ஒன்றையொன்று சுற்றுகின்றன என்பதை வில்லியம் ஹேர்ஷெல் 1803இல் அறிவித்தபோது, அவர் அவற்றை நோக்கத் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. 1827இலேதான் பீலிக்ஸ் சவாரி என்னும் பிரெஞ்சு அறிஞர் முதன்முதலாக ஓர் இரட்டையின் சுற்றுப்பாதையைக் கணித்தார். அதன் காலம் ஏறக்குறைய 60 ஆண்டு. ஹேர்ஷெல் தொடங்கியதை அவர் மகன் ஜோன் ஹேர்ஷெல் தொடர்ந்தார். இத்துறையிலே ஒருவர் இட்ட புள்ளியை இன்னொருவரே கோடாக வரைகின்றார்.

நம் திருமண மண்டபங்களிலே மணமகளுக்கு அருந்ததியைக் காட்டுகின்றோம். அதன் அருகே விளங்கும் வசிட்டன் என்னும் மீனின் நிறமாலைக் கோடுகள் இரண்டிரண்டாகப் பிரிந்து மீண்டும் ஒன்றாவதை 1889இல் பிக்கரிங் என்பார் ஹாவார்ட் வானாய்வகத்திலிருந்து வெளியிட்டார். தொலைகாட்டியிலும் பிரித்துக் காணவொண்ணா நெருங்கிய இரட்டைகளை, ஒளியைப் பகுத்து அறியலாம் என்பது அன்று முதன்முதலாகத் தெளிவாயிற்று. அவர் கூறிய சுற்றுக்காலம் 104 நாள். அது பிழை. 1901இல் வோகல் என்பார் மீண்டும் அளந்து, 20.5 நாள் எனத் திருத்தினார். பிக்கரிங்கின் புகழ் இதனாற் குறைந்துவிடவில்லை. தம் அளவைகளை அவர் மறைக்காது வைத்தமையாலேயே பின்வந்தோர் அவற்றைத் திருத்த முடிந்தது.

இனி இளம் விண்மீன்களுக்கு வருவோம். ஞாயிறு போன்ற முதிர்ந்த மீன், தன் நடுவிலே ஐதரசனை எரித்து ஒளிர்கின்றது. இளமீனோ இன்னும் சுருங்கிக்கொண்டே இருப்பது. அச்சுருக்கத்தில் எழும் வெப்பமே பெரும்பாலும் அதன் ஒளி. நம் கார்த்திகையும் உரோகிணியும் தோன்றும் இடப வீட்டின் திசையிலே, ஏறக்குறைய 450 ஒளியாண்டு தூரத்தில், பிறந்து சில மில்லியன் ஆண்டே ஆன மீன்கள் பல உள்ளன. 1993இல் வெளியான ஆய்வுகள், அவ்விடத்திலே இரட்டைகளின் விகிதம் ஞாயிற்றின் அயலிலுள்ள முதிர்ந்த மீன்களிடையே காணப்படுவதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு என்று காட்டின.

இளமீன் ஒன்றின் வயது என்ன, திணிவு என்ன என்று கேட்டால், அறிஞர் பெரும்பாலும் கணிதக் கோலங்களையே நாடுவர். இவ்வளவு திணிவுள்ள மீன் இத்தனை ஆண்டில் இவ்வளவு ஒளி தரும் என்று கணித்து வைத்த வளைகோடுகள் அவை. வேறு மீன்களைச் சுற்றும் இளங்கோள்களை நேரே படம்பிடித்து, அவற்றின் எடை இவ்வளவென்று கூறுவோரும் அத்தகைய கோடுகளையே நம்புகின்றனர். கோடு பிழையாயின், கோள் எனப்பட்டது கோளன்றிப் போகலாம். அக்கோடுகளைச் சோதிக்கும் உரைகல், கோலத்தின் துணையின்றி எடை கூறவல்ல நெருங்கிய இளம் இரட்டைகளே. நெருங்கியவை ஏன்? அவைதாம் ஆய்வாளர் ஒருவரின் ஆயுளுக்குள் சுற்றி முடிப்பவை.

ஏபி டொராடஸ் என்னும் மீனின் கதை இதற்குச் சிறந்த உதாரணம். அது ஏறக்குறைய 49 ஒளியாண்டு தூரத்தில் உளது. வானொலித் தொலைகாட்டிகளாலும் ஹிப்பார்க்கொஸ் செய்மதியாலும் அளந்தபோது, அது சிறிதே தள்ளாடுவது தெரிந்தது. காணாத துணையொன்று அதனை இழுக்கின்றது என 1997இல் அறிவிக்கப்பட்டது. சீரியசின் தள்ளாட்டத்தைக் கண்டு 1844இல் பெசல் கூறிய துணையை 1862இல் கிளார்க் கண்ணாற் கண்டதைப் போலவே, இத்துணையும் 2004இல் சிலி நாட்டுப் பெருந்தொலைகாட்டியால் படம்பிடிக்கப்பட்டது. இரண்டுக்கும் இடையே 0.156 விகலை. பதின்மூன்று கிலோமீற்றருக்கு அப்பால் வைத்த ஒரு சென்ரிமீற்றர் அளவே அது. பெரிய மீனின் ஒளியோ துணையின் ஒளியைப்போல் நூறு மடங்குக்கும் மேல்.

சுற்றுப்பாதையிலிருந்து கிடைத்த எடை, ஞாயிற்றின் எடையில் நூற்றுக்கு ஒன்பது பங்கு. வளைகோடுகளின்படி அத்துணையின் மங்கிய ஒளிக்கு உரிய எடையோ இதில் ஏறக்குறைய பாதியே. 2005இல் இம்முடிவு வெளியானபோது பெரும் விவாதம் மூண்டது. கோலம் பிழை என்றனர் ஒருசாரார். மீனின் வயதை நீங்கள் குறைத்து மதித்துவிட்டீர்கள். வயது கூடினால் ஒளி மங்குவது இயல்பே என்றனர் மற்றொருசாரார். 2019இல் மூன்றாம் வழியொன்று திறந்தது. பல தொலைகாட்டிகளின் ஒளியை ஒன்றுசேர்த்து நோக்கியபோது, அத்துணையே ஒன்றன்று, ஒரு பெரியதும் ஒரு சிறியதுமாக இரண்டு என்பதற்குச் சான்று கிட்டியது. எடையை இருவர் பங்கிட்டுக்கொள்ள, ஒளி மங்கியதன் காரணமும் விளங்கலாயிற்று.

இங்கே நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. 2005இல் அளந்தோர், எடை கோலத்துக்கு ஒத்துவரவில்லை என்று கண்டவுடன் நம்மைப்போல் அழிறப்பரைத் தேடியிருந்தால் என்னவாகியிருக்கும்? பொருந்தாத அவ்வெண்ணுக்குள்ளேதான் காணாத மீனொன்று ஒளிந்திருந்தது. எண்ணைத் திருத்தியிருந்தால் மீனையும் இழந்திருப்போம்.

2006இல் வெளியான வேறொரு செய்தியும் நினைக்கத் தக்கது. ஓரையன் நெபுலாவில், ஒன்றையொன்று மறைத்துச் சுற்றும் இரு கபிலக் குள்ளர்களை ஸ்டாசுன் முதலானோர் நிறுத்தனர். சுற்றுக்காலம் பத்து நாளுக்குச் சற்றே குறைவு. எடைகள் ஞாயிற்றின் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கும் மூன்று பங்கும் அளவின. கூடிய எடையுடையதே கூடிய வெப்பமும் உடையதாயிருத்தல் வேண்டும் என்பது கோலம். அளவையோ எடை கூடியதே குளிர்ந்தது என்றது. வியந்தார்களேயன்றி ஒருவரும் அதை மறைக்கவில்லை. காந்தப் புலத்தின் செயலே காரணமாகலாம் என்ற ஆராய்ச்சி அதனாற் பிறந்தது.

அளவையும் வழுவும் என்பதை நாம் மறுக்கவில்லை. 1855இல் சென்னை வானாய்வகத் தலைவராயிருந்த ஜேக்கப் என்பார், 70 ஒபியூச்சி என்னும் இரட்டையின் பாதையிலே சிறு பிறழ்வு கண்டு, அங்கே கோளொன்று இருத்தல் பெரிதும் சாலும் என எழுதினார். பின்வந்த அளவைகள் அதனை மெய்ப்பிக்கவில்லை. நீள்வளையத்தின் ஒரு துண்டையே கண்டோர், முழுவதையும் கண்டதாக எண்ணிவிடும் இடர் இத்துறையில் என்றும் உண்டு. தூரத்தின் வழுவும் சிறிதன்று. திணிவு தூரத்தின் கனத்தோடு செல்வதால், தூரத்தில் நூற்றுக்கு ஒன்று பிழைத்தால் திணிவில் மூன்று பிழைக்கும். 2013இல் ஏவப்பட்ட கையா செய்மதி பல மீன்களின் தூரத்தை முன்னெப்போதிலும் செம்மையாக அளந்தமையால் இவ்வழு குறைந்தது. வழுவுக்கு மருந்து மீண்டும் அளத்தலே. எவ்வளவு வழு இருக்கக்கூடும் என்பதையும் எண்ணோடு சேர்த்து எழுதுதலே அளப்போனின் அறம்.

ஒரு மீனைப் பத்து ஆண்டு நோக்கி என்ன பயன், அப்பொருளை வேறு நற்பணிக்கு ஆக்கலாமே என்பாரும் உளர். வறிய நாட்டவராகிய நாம் அவ்வினாவை இகழ்தல் தகாது. ஆயினும் அளவை இல்லாத அறிவு, அடித்தளமின்றி எழுப்பிய மாடம். அக்கோலங்களைக் கொண்டே விண்மீன் எப்படிப் பிறந்தது, கோள் எப்படித் திரண்டது என்று உரைக்கின்றோம். அடியிலே ஒரு கல் ஆடுமாயின் மேலே எத்தனை நிலை கட்டினும் பயனில்லை. ஆகவே புதுக் கோலம் வரைவோருக்குத் தரும் மதிப்பைப் பழைய மீனை மீண்டும் அளப்போருக்கும் தருதல் வேண்டும் என்பதே நம் துணிபு.

இனி நம் வீட்டு நிலை. பரீட்சையிலே விடைக்குப் புள்ளி உண்டு. உண்மையாக அளந்தமைக்குப் புள்ளி உண்டா? ஆசிரியர்கள்மேற் குறை கூறுதல் நம் நோக்கமன்று. பாடத்திட்டத்தின் சுமையையும், பெற்றோரின் அவசரத்தையும், ஒரு கடிகாரத்துக்கு எட்டு மாணவர் காத்து நிற்கும் நிலையையும் நாம் அறிவோம். எனினும் செலவின்றிச் செய்யத்தக்கவை சில உள. பரிசோதனைக் குறிப்பேட்டைப் பேனாவினால் மட்டும் எழுதுவித்தல். பிழைத்த வாசிப்பை அழியாது ஒற்றைக் கோட்டால் வெட்டுவித்தல். 1002 என்று எழுதி, ஏன் அவ்வாறு வந்தது என ஆராய்ந்த மாணவனுக்கு, 981 என்று எழுதி ஒன்றும் ஆராயாத மாணவனைவிடக் கூடுதற் புள்ளி வழங்குதல். இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. மனம் ஒன்றே வேண்டும்.

பழைய மாணவர் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். சிறிய தொலைகாட்டியொன்றைக் கல்லூரிக்கு அளிப்போம். அதனோடு தடித்த குறிப்பேடொன்றையும் அளிப்போம். அல்பா சென்ரோறியின் இரு மீன்களும் தம் பாதையிலே 1955இல் ஒன்றையொன்று மிக அணுகின. 2035இல் மீண்டும் அணுகும். ஆண்டுதோறும் வைகாசி மாத முன்னிரவிலே, அவ்வாண்டு உயர்தர வகுப்பு மாணவர் அவற்றின் இடைவெளியையும் திசையையும் அளந்து, பெயரும் நாளும் இட்டு, அக்குறிப்பேட்டிலே ஒரு வரி எழுதட்டும். உலக விஞ்ஞானத்துக்கு அது புதிதாக ஒன்றும் சேர்க்காது. எழுதும் மாணவனுக்கு அது மிகுதியாகச் சேர்க்கும். ஒருவர் வாழ்நாளில் முடியாத வேலையிலே தானும் பங்காளன் என்னும் உணர்வை அது தரும்.

அந்நீள்வளையம் முற்றுப்பெற எண்பது ஆண்டு செல்லும். இன்று முதல் வரியை எழுதுவோருள் அதைக் காண்பார் எவரும் இலராகலாம். இக்கல்லூரியைத் தொடங்கிய பெரியோரும் தாம் முழுதும் காணப்போவதில்லை என்று அறிந்தே கல் நாட்டினர். அவர் நாட்டிய கல்லின் நிழலிலே கற்ற நாம், ஒரு வரி எழுதிவைக்கவும் தயங்குவோமா?