கார் சக்கரத்துக்கு கலர் மாத்தலாம்... நட்டு உட்காரும் இடம் உஷார்!

கள்ளக்குறிச்சி: குறைந்த செலவில் கார் சக்கரத்தின் நிறத்தை மாற்ற வந்ததுதான் 'உரிக்கும் பெயிண்ட்'. 'பிளாஸ்டி டிப்' போன்ற இந்த ரப்பர் ஸ்பிரேயை மெல்லிசாக 4, 5 முறை அடித்தால் போதும். பிடிக்காவிட்டால் தோல் மாதிரி உரித்துவிடலாம். ஆர்.சி. புத்தகத்தில் பதிவாவது வண்டி பாடியின் நிறம்தான், சக்கரத்தின் நிறம் அல்ல. அதனால் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அலைச்சல் இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கச்சிராயப்பாளையம் தாண்டி வெள்ளிமலைக்குப் போகும் கல்வராயன்மலை பாதையில் வளைவுகள் அதிகம். இறங்கும்போது பிரேக் கொதிக்கும், சக்கரமும் சூடாகும். நட்டு உட்காரும் இடத்தில் ரப்பர் படிந்திருந்தால், அது நசுங்கி நட்டு லூசாகும். பிரேக் டிஸ்க்கில் பட்டால் பிடிப்பு குறையும். எனவே இரண்டையும் மறைத்துவிட்டே அடிக்க வேண்டும். மலை ஏறும் முன் வீல் ஸ்பானரால் ஒருமுறை முறுக்கிப் பார்ப்பது நல்லது. கலர் போனால் மறுபடி அடிச்சுக்கலாம். சக்கரம் கழன்றால்..?