கல்யாண ஆல்பமும் சாதிச் சான்றிதழும்

2021இல் தேவிகுளம் எம்.எல்.ஏ. ஆன ஏ. ராஜா தம் கல்யாணத்தன்று என்ன உடுத்தியிருந்தார் என்பதை ஓர் உயர் நீதிமன்றம் உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறது. (நீலகிரி ஆ. ராசாவை நினைத்துக்கொள்ள வேண்டாம். இவர் மூணாறு பக்கத்துக்காரர், மார்க்சிஸ்ட் கட்சி.) கல்யாணப் படங்கள், குண்டளை எஸ்டேட்டில் உள்ள சி.எஸ்.ஐ. சபையின் குடும்பப் பதிவேடு, ஞானஸ்நானப் பதிவேடு, அதில் இருந்த அடித்தல் திருத்தல்கள் எல்லாம் எர்ணாகுளத்தில் உள்ள கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2023 மார்ச் 20 அன்று நீதிபதி பி. சோமராஜன் தீர்ப்புச் சொன்னார்: வேட்புமனு தாக்கல் செய்த நாளில் ராஜா கிறிஸ்தவர்; பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்பட்ட தொகுதியில் நிற்க அவருக்குத் தகுதியில்லை; தேர்தல் செல்லாது.

ஜெயித்தது 7,848 வாக்கு வித்தியாசத்தில். தோற்றவர் காங்கிரஸின் டி. குமார். வழக்குப் போட்டவரும் அவர்தான். அவரும் ஒதுக்கீட்டுத் தொகுதி வேட்பாளர் என்பதால் பட்டியல் சாதிக்காரர். ஆக, மேலே இருப்பவன் கீழே இருப்பவனை மிதித்த கதை அல்ல இது. ஒரே மாதிரி ஒடுக்கப்பட்ட இரண்டு பேருக்கு நடுவில், யாருடைய ஒடுக்குமுறை சட்டப்படி செல்லும் என்று நடந்த தகராறு.

2025 மே 6 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி அபய் ஓகா தலைமையிலான மூன்று பேர் அமர்வு, உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்து ராஜாவின் வெற்றியை உறுதி செய்தது. செய்தி வந்த அன்று மூணாறில் ஒரு தரப்பு பட்டாசு வாங்கியிருக்கும், இன்னொரு தரப்பு மனம் நொந்திருக்கும். எனக்கு இரண்டும் தோன்றவில்லை. ஏனென்றால், ராஜாவின் கையில் இருந்த சாதிச் சான்றிதழை முறைப்படி யாரும் ரத்து செய்யவில்லை, அவர் மதம் மாறியவர் என்பதைக் காட்டக் கொண்டுவந்த ஆவணங்கள் நிரூபிக்கப்படவில்லை என்ற அளவில்தான் அந்தத் தீர்ப்பு நின்றது. நிரூபித்திருந்தால்? பதிவேட்டில் அடித்தல் திருத்தல் இல்லாமல் பளிச்சென்று பெயர் இருந்திருந்தால்? அப்போதும் அதே தொழிலாளி வீட்டுப் பிள்ளைதான், அதே மலைதான். பதவி மட்டும் போயிருக்கும்.

இந்தச் சிக்கலின் வேர் 1950இல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஓர் ஆணையின் மூன்றாவது பத்தியில் இருக்கிறது. இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தைப் பின்பற்றுகிறவர் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்று அது சொன்னது. 1956இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள். 1990இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்னும் வெளியே. கிறிஸ்தவத்தில் சாதி கிடையாது, எனவே ஞானஸ்நானத் தண்ணீரில் சாதி கரைந்துவிடுகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். சாதி இல்லாத மதம் என்றால் சீக்கியமும் பௌத்தமும் அதைத்தானே சொல்கின்றன என்று கேட்டால், அவை இந்த மண்ணில் பிறந்தவை என்று பதில் வரும். தீண்டாமையும் இந்த மண்ணில்தான் பிறந்தது. அது மதம் பார்த்து ஆளை விட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

எஸ்டேட் லயங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்த மூன்றாவது பத்தி வேடிக்கையாகத் தெரியும். கண்ணன் தேவன் மலைகளுக்கு நம் ஆட்கள் வந்தது கங்காணிகளின் பின்னால். திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து கிளம்பி, போடி வழியாக மலையேறி, டாப் ஸ்டேஷனில் மூச்சு வாங்கி இறங்கியவர்கள். வரும்போதே கையில் மாரியம்மனும் இருந்தாள், வேதமும் இருந்தது. ஒரே குடும்பத்தில் அண்ணன் ஜெபத்துக்குப் போவான், தம்பி காவடி எடுப்பான். மூணாறு டவுனில் நின்று சுற்றிப் பார்த்தால் ஒரு குன்றில் முருகன் கோயில், இன்னொன்றில் மாதா கோயில், மற்றொன்றில் பள்ளிவாசல். தள்ளி, சி.எஸ்.ஐ.யின் கல் தேவாலயம். அந்த தேவாலயத்துக்கு முன்பே அங்கே கல்லறை வந்துவிட்டது. 1894இல் காலராவில் இறந்த ஓர் இளம் வெள்ளைக்காரப் பெண்ணைப் புதைத்த இடத்தின் பக்கத்தில் பிற்பாடு எழுந்த கட்டடம் அது. துரைமார்களுக்காகக் கட்டியதில் அப்புறம் தொழிலாளிகளும் முழங்காலிட்டார்கள்.

வேலை நிறுத்தம் வந்தால் யார் எந்தச் சாமி என்று ஒருவரும் கேட்பதில்லை. 2015 செப்டம்பரில் போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்தபோது, தொழிற்சங்கத் தலைவர்களையே ஓரம்போகச் சொல்லிவிட்டு ரோட்டில் உட்கார்ந்தார்களே பெம்பிளை ஒருமைப் பெண்கள், அவர்களுக்கு முன்னால் நின்றவர்கள் லிசி, கோமதி, இந்திராணி. அந்தப் பெயர்களை அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள், எஸ்டேட் புரியும்.

ஓய்வு பெற்ற ஒரு கொழுந்துக்காரப் பாட்டியிடம் ஒருதடவை கேட்டேன்.

“பாட்டி, நீங்க வேதக்காரங்களா?”

“ஆமா தம்பி. ஞாயித்துக்கெழம தவறாம கோயிலுக்குப் போயிருவேன்.”

“ஆடி மாசம் மாரியம்மன் கோயில்ல பார்த்தேனே?”

“பொறவு? எங்க அம்மைக்கு வைசூரி கண்டப்ப வெள்ளக்கார டாக்டரா வந்து பாத்தான்? அவதானெ பாத்தா. அவளுக்குக் கூழு ஊத்தாம இருக்க முடியுமா?”

இந்தப் பாட்டி தேர்தலில் நின்றால் எந்த நீதிபதி எந்தப் பதிவேட்டைப் பார்த்து என்ன முடிவுக்கு வருவார்? படித்தவர்கள் இதைக் குழப்பம் என்பார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. அவருக்கு யாரிடம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்பது தெளிவாகத் தெரியும். அரசாங்கப் படிவத்தில் அதற்கான கட்டம்தான் இல்லை.

கட்டம் இல்லாததால் வரும் தொல்லை தேவிகுளத்துக்குப் புதிதல்ல, தமிழர்களுக்கும் புதிதல்ல. கோலார் தங்கவயலை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் நம் ஆதிதிராவிட மக்கள்தான் சுரங்கத்துக்குள் இறங்கினார்கள், அங்கேயும் ஒதுக்கீட்டுத் தொகுதி. எஸ். ராஜகோபால் 1967இல் ஜெயித்தார். அவர் 1949இல் கிறிஸ்தவரானவர் என்று சொல்லி, தோற்ற சி.எம். ஆறுமுகம் நீதிமன்றம் போனார். ராஜகோபால் இந்து மதத்துக்குத் திரும்பிவிட்டதாகச் சொன்னார். திரும்பினாலும் சாதி உங்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டதற்கு ஆதாரம் எங்கே என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. பதவி போனது. மனுஷர் விடவில்லை. 1972இல் மறுபடி நின்றார், மறுபடி ஜெயித்தார். ஆறுமுகமும் விடவில்லை, மறுபடி வழக்கு. இந்தத் தடவை 1975இல் உச்ச நீதிமன்றம் ராஜகோபால் பக்கம் சாய்ந்தது. ஆதாரமாக எடுத்துக்கொண்டவற்றில் அவர் மாரியம்மன் கோயில் விழாவில் கலந்துகொண்டதும், சாதிக்காரர் வீட்டுச் சாவுச் சடங்கில் பங்கெடுத்ததும் உண்டு. அதாவது, ஒருவன் ஆதிதிராவிடன் என்பதை நிரூபிக்கச் சாதிக்காரர்கள் அவனைச் சாவு வீட்டில் சேர்த்துக்கொண்டார்களா என்று பார்த்தார்கள். தங்கவயலில் மாரியம்மன் சாட்சி, குண்டளையில் சபைப் பதிவேடு சாட்சி. அரை நூற்றாண்டு இடைவெளியில் சாட்சிதான் மாறியிருக்கிறது.

எம்.எல்.ஏ.க்களுக்காவது வக்கீல் வைக்க வசதி உண்டு. சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசையின் கதை இன்னும் கசப்பானது. பட்டியல் சாதியைச் சேர்ந்த செருப்புத் தொழிலாளர்களுக்கு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தபோது, அவர் கிறிஸ்தவர் என்று சொல்லி விட்டுவிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து அதே தோலைத் தைத்தவர்களுக்குக் கடை கிடைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1985இல் தள்ளுபடியானது. மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் போதாதாம். கிறிஸ்தவ சமூகத்துக்குள்ளும் அதே கடுமையோடு இழிவு தொடர்கிறது என்று காட்ட வேண்டுமாம். தெருவில் செருப்புத் தைக்கிற ஆள் அதற்கு ஆய்வறிக்கைக்கு எங்கே போவார்?

சபைகளும் இதில் யோக்கியம் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். சாதி கரைந்துவிட்டது என்று தில்லியில் வாதிடும் சட்டத்துக்கு எதிர்ச்சாட்சியாகத் தமிழ்நாட்டில் எத்தனை கல்லறைத் தோட்டங்களில் தனி மூலை இருந்தது என்று பட்டியலே போடலாம். தலித் கிறிஸ்தவர்களுக்கு ஒதுக்கீடு கேட்டுத் தீர்மானம் போடும் ஆயர்கள், தங்கள் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் வேலைக்கு எடுக்கும்போது அந்தத் தலித் கிறிஸ்தவர்களை எங்கே உட்கார வைக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவத் தறவாட்டுக்காரரும் குண்டளை லயத்துக்காரரும் ஒரே கர்த்தரைத்தான் கும்பிடுகிறார்கள். சம்பந்தம் பேச உட்கார்வார்களா?

எதிர்வாதத்தில் உள்ள நியாயத்தையும் ஒதுக்கிவிட முடியாது. இந்துவாகவே இருந்துவிட்ட தலித்துக்குச் சபைப் பள்ளியோ, மிஷன் ஆஸ்பத்திரியோ, போதகர் எழுதித்தரும் சிபாரிசுக் கடிதமோ கிடையாது. கேரளச் சட்டசபையில் பட்டியல் சாதிக்கு இருப்பது 14 தொகுதி. பந்தி அதே அளவில் இருக்க, இன்னும் ஆளைக் கூப்பிட்டால் ஏற்கெனவே அரை வயிறாக இருப்பவர்தான் எழுந்து போக வேண்டியிருக்கும். இந்தப் பயம் மதவெறி அல்ல. பங்கு போவதைப் பற்றிய பயம். ஒதுக்கீட்டின் அளவையும் சேர்த்துக் கூட்டாமல் மதம் மாறியவர்களைச் சேர்க்கச் சொல்லும் யாரும் இந்தப் பயத்துக்குப் பதில் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். கேரளம் ஒரு குட்டி ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது: பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்களுக்கு அரசு வேலையில் 1 சதவீதம். ஒரு சதவீதம்! தேர்தல் தொகுதியில் அதுவும் கிடையாது.

இதே தேவிகுளம் வட்டாரத்தில் சிலுவைக்கு வேறொரு வரலாறும் உண்டு. 2017 ஏப்ரலில் சின்னக்கானல் பக்கம் பாப்பாத்திச்சோலையில், அரசு நிலத்தில் நட்டிருந்த ஒரு ராட்சத இரும்புச் சிலுவையை வருவாய்த் துறையினர் பெயர்த்தார்கள். ஆக்கிரமிப்பை அகற்றும் வேலை. அப்போது தேவிகுளம் சப்-கலெக்டர் ஸ்ரீராம் வெங்கிட்டராமன். அப்போது முதல்வராக இருந்த பினராயி விஜயனுக்குக் கோபம் வந்தது. ஒரு பெரும் பகுதி மக்கள் வணங்கும் சிலுவையில் இப்படியா கை வைப்பது என்று அதிகாரிகளைக் கண்டித்தார். நிலத்தை வளைக்க நட்ட சிலுவையானாலும், அதைத் தொடும்போது அரசாங்கத்துக்கு உடம்பு கூசுகிறது. ஒரு தொழிலாளி குடும்பம் சபைப் பதிவேட்டில் எழுதிக்கொண்ட பெயரைத் தோண்டும்போது எந்தக் கூச்சமும் இல்லை. நம்பிக்கைக்கு மரியாதை என்று நாம் சொல்வது பல சமயம் நம்பிக்கைக்குப் பின்னால் நிற்கும் ஆள்பலத்துக்கான மரியாதைதான்.

ராஜாவின் பதவிப் பிரமாணத்தை நினைத்தால் சிரிப்பு வருகிறது. 2021 மே மாதம் தமிழில் உறுதிமொழி எடுத்தார். தேவிகுளத்துக்காரர் தமிழில் எடுக்காமல் வேறு யார் எடுப்பார்? கையில் கொடுத்த தமிழ் வாசகத்தில் ‘கடவுளின் பெயரால்’ என்பதும் இல்லை, அதற்கு மாற்றாக வரவேண்டிய ‘உளமார’ என்பதும் இல்லை. பிரமாணமே செல்லாது என்றாகி, ஜூன் 2 அன்று மறுபடியும் எடுத்தார். முறையான பிரமாணம் இல்லாமல் சபையில் உட்கார்ந்த நாட்களுக்கு, நாளொன்றுக்கு 500 ரூபாய் வீதம் அபராதமும் கட்டச் சொன்னார்கள். கடவுள் இருக்கிறார் என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல் இந்த நாட்டில் ஒரு மனுஷன் சும்மா இருந்துவிட முடியாது போல.

கேரள மாநிலம் உருவான பின் தேவிகுளத்தில் நடந்த முதல் தேர்தலும் வழக்கில்தான் சிக்கியது. 1957இல் ஜெயித்த கம்யூனிஸ்ட் ரோசம்மா புன்னூஸின் வெற்றி செல்லாது என்றாகி, 1958இல் இடைத்தேர்தல் நடந்தது. இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜன் மலை மலையாகப் பாடித் திரிந்த தேர்தல் அது. ரோசம்மா மறுபடி ஜெயித்தார். அந்த வழக்கில் வேட்புமனுத் தகராறுதான் பேச்சு. அவர் எந்தக் கோயிலுக்குப் போகிறார் என்று யாரும் பதிவேட்டைப் புரட்டவில்லை.

ஆணையங்களுக்குக் குறைவில்லை. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், மூன்றாவது பத்தியை அடியோடு நீக்குங்கள் என்றது. அறிக்கை தூசி தட்டப்படவில்லை. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் கிறிஸ்தவ ஆதிதிராவிடர்களையும் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. அதற்கு முன்பே, 2022 அக்டோபரில், ஒன்றிய அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையத்தை அமைத்து இரண்டு வருடம் அவகாசம் கொடுத்தது. பாலகிருஷ்ணன் கேரளக்காரர், இந்தியாவின் முதல் தலித் தலைமை நீதிபதி. விஷயம் தெரிந்தவர்தான். அவகாசம் முடிந்தபோது நீட்டித்தார்கள்.

இத்தனைக்கும் அரசியலமைப்பைத் திருத்த வேண்டிய வேலை இது இல்லை. 341ஆம் பிரிவின்படி நாடாளுமன்றம் சாதாரணச் சட்டம் ஒன்றால் இந்தப் பட்டியலை மாற்றலாம். சீக்கியர்களுக்கும் பௌத்தர்களுக்கும் அப்படித்தான் செய்தார்கள். மூன்றாவதாக ஒரு தடவை செய்யும்போது ஒதுக்கீட்டின் அளவையும் சேர்த்துப் பேசினால், குமார்களும் ராஜாக்களும் ஒருவர் வீட்டு ஆல்பத்தை ஒருவர் தேட வேண்டியிருக்காது. அது நடக்காதவரை தேவிகுளத்தில் யார் தோற்றாலும், ஓட்டு எண்ணி முடிந்த மறுநாள் அவர் முதலில் போய்த் தட்டப்போவது சபை ஐயர் வீட்டுக் கதவைத்தான்.