கறியைக் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது?

"கோழிக்கறி கொடுக்கலாமா, டாக்டர்?" என்று நோயாளியின் வீட்டார் கேட்கிறார்கள். கொடுக்கலாம் என்று நாங்கள் சொன்னவுடன், "மஞ்சள் போட்டு நாலு தண்ணீர் மாற்றிக் கழுவித்தான் சமைப்போம்" என்று உறுதி கூறுகிறார்கள். அந்த உறுதியில் அன்பும் அக்கறையும் நிறைந்திருக்கின்றன. ஆனால் எங்களுக்குக் கவலை தருவது அந்த நாலு தண்ணீர்தான்.

சால்மொனெல்லா, காம்பைலோபாக்டர் போன்ற கிருமிகள் நோயற்ற கோழியின் குடலிலும் வாழ்கின்றன. கோழியை அறுத்துச் சுத்தம் செய்கையில் அவை தோலிலும் தசையிலும் ஒட்டிக்கொள்கின்றன. தண்ணீரில் அவை முழுவதும் போய்விடுவதில்லை. மஞ்சளும் உப்பும் கவிச்சி வாடையைக் குறைக்கும். சில நிமிடம் தடவி வைப்பதால் கிருமிகள் ஒழிந்துவிடா. அவற்றை உறுதியாகக் கொல்வது வெப்பம் ஒன்றே. கறியின் உட்பகுதி 74 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்டினால் போதும். நம் வீட்டு பிரஷர் குக்கரின் உள்ளே வெப்பம் ஏறத்தாழ 120 டிகிரி வரை செல்கிறது. எனவே, நன்கு வெந்த குழம்பைப் பொறுத்தவரை, கறியை நான்கு முறை கழுவினாலும் ஒரு முறையும் கழுவாவிட்டாலும் கிருமிக் கணக்கில் வேறுபாடு இல்லை.

வேறுபாடு குழம்புச் சட்டிக்கு வெளியே இருக்கிறது. திறந்த குழாயின் கீழே கறியைக் கழுவும்போது நீர்த்துளிகள் சிங்கின் ஓரத்திலும், குழாய்த் திருகிலும், அருகே கவிழ்த்து வைத்த தம்ளரிலும், நறுக்கக் காத்திருக்கும் கொத்தமல்லியிலும் தெறிக்கின்றன. அமெரிக்க வேளாண்மைத் துறை 2019-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கோழியைக் கழுவியவர்களில் 60 விழுக்காட்டினரின் சிங்கில் கிருமிகள் காணப்பட்டன. சிங்கைச் சுத்தம் செய்த பின்னும் 14 விழுக்காட்டினரின் சிங்கில் அவை எஞ்சியிருந்தன. கழுவியவர்களில் 26 விழுக்காட்டினர் அக்கிருமிகளைத் தாங்கள் தயாரித்த பச்சைக் காய்கறிக் கலவையில் சேர்த்துவிட்டனர். நம் வீட்டில் அந்த இடத்தில் இருப்பது பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் வெங்காயத் தயிர்ப்பச்சடியும், புரோட்டா சால்னாவின் மேல் தூவும் பச்சை வெங்காயமும், பிழிந்துகொள்ளும் எலுமிச்சையும் ஆகும். கறி அடுப்பில் ஏறிவிடுகிறது, பச்சடி ஏறுவதில்லை.

அப்படியானால் கழுவவே கூடாதா? பிரிட்டனின் உணவுத் தர முகமை 2014-இல் பச்சைக் கோழியைக் கழுவ வேண்டாம் என்று மக்களைக் கேட்டுக்கொண்டது. அங்கே கோழி தூய்மை செய்யப்பட்டு உறையிலிட்டு விற்கப்படுகிறது. தென்காசியிலும் செங்கோட்டையிலும் ஞாயிறு காலையில் நாம் வாங்குவது கண்ணெதிரே வெட்டிய கறி. அதில் இறகின் அடியும் இரத்தமும் எலும்புத் துணுக்கும் இருக்கக்கூடும். இரத்தம் போகக் கழுவுவதைத் தூய்மையின் பகுதியாகவே கருதும் குடும்பங்களும் இங்கு உண்டு. இவர்களிடம் "கழுவாதீர்கள்" என்று மட்டும் சொல்லி முடிப்பது பொறுப்பான அறிவுரையாகாது என்பது எங்கள் கருத்து. மேற்சொன்ன ஆய்விலேயே, கோழியைக் கழுவாதவர்களில் 31 விழுக்காட்டினரின் பச்சைக் காய்கறியிலும் கிருமி சேர்ந்திருந்தது. அதற்குக் காரணம் சரியாகக் கழுவாத கைகள்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இதுதான். கூடுமானவரை கடையிலேயே சுத்தம் செய்து வெட்டித் தரச் சொல்லுங்கள். வீட்டில் கழுவுவதைத் தவிருங்கள். கழுவியே தீர வேண்டுமெனில், முதலில் பச்சடி, சட்னிக்கு உரியவற்றை நறுக்கி மூடி அப்பால் வைத்துவிடுங்கள். குழாயைத் திறந்துவிடாமல், அகன்ற சருவத்தில் தண்ணீர் நிரப்பி, அதனுள் கறியை மெல்ல அலசுங்கள். அந்த நீரைத் தெறிக்காமல் ஊற்றுங்கள். பின்னர் சருவம், சிங்க், குழாய்த் திருகு, கத்தி, அரிவாள்மனை ஆகியவற்றைச் சோப்பிட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். இறுதியாகக் கைகளை 20 விநாடி சோப்பிட்டுக் கழுவுங்கள். மீனைச் செதில் நீக்கி அலசாமல் சமைக்க இயலாது. அதற்கும் இம்முறையே பொருந்தும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்தில் சாரல் காலம். உறவினர் வந்து தங்க, சிறிய சமையலறையில் இருபது பேருக்குச் சமையல் நடக்கும். ஓடும் தண்ணீர்தானே என்று ஓடையில் கறி அலசுவோரும் உண்டு. ஓடும் நீர் கிருமியற்ற நீர் அன்று. அதே நீரில் கீழே குழந்தைகள் குளிக்கக்கூடும். சமைத்த கறியை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காமல் இருப்பதும் இக்காலத்தில் மிக அவசியம்.

பொதுவாக நலமாக உள்ளவர்க்கு இத்தகைய கிருமிகள் சில நாள் வயிற்றுப்போக்கோடும் காய்ச்சலோடும் நீங்கிவிடும். புற்றுநோய் மருந்து பெறுவோர், சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்டோர், ஸ்டீராய்டு உட்கொள்வோர், கல்லீரல் சுருக்க நோயாளிகள், முதியோர், கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோருக்கு அவ்வாறு எண்ண இயலாது. அவர்கள் உடலில் கிருமி இரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அரிதாக, காம்பைலோபாக்டர் தொற்றுக்குச் சில வாரங்களுக்குப் பின், கால்களில் தொடங்கி மேலேறும் நரம்புத் தளர்ச்சியான கில்லன் பாரே நோயும் வருவதுண்டு. அது யாருக்கும் வரலாம். இத்தகைய நோயாளிகள் உள்ள வீட்டில், கறியை வீட்டில் கழுவவே வேண்டாம் என்பது எங்கள் திடமான கருத்து. பச்சைக் கறியைக் கையாளும் வேலையையும் நோயாளி செய்யாமல் வேறொருவர் செய்வதே நல்லது.

நோயாளிக்குத் தெம்பு வர வேண்டும் என்றே நீங்கள் சூப்பு வைத்துக் கொண்டு வருகிறீர்கள். அந்த உழைப்பை வீணென்று நாங்கள் சொல்லவில்லை. கறிக்குச் செலவிடும் நாலு தண்ணீரில் பாதியையேனும் உங்கள் கைகளுக்கும் சிங்கிற்கும் செலவிடுங்கள் என்றே கேட்கிறோம். கறியை அடுப்பு பார்த்துக்கொள்ளும்.