பிரேக் ஆயில் குறைந்தால் எங்கே போகிறது என்று கேளுங்கள்



போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய அம்பாசிடர் பக்கத்தில் கையெல்லாம் கரியோடு நான் நிற்கும் படத்தைப் போட்டிருந்தேன். வாழ்த்தோடு இரண்டு விதமான அறிவுரையும் வந்தது. தங்கை மகன் எழுதினான்: "மாமா, இந்த வயசுல வண்டிக்கு அடியில போகாதீங்க. அதுவும் பிரேக்ல கை வைக்கவே வைக்காதீங்க. மெக்கானிக்ட்ட விட்ருங்க." தம்மாமில் வேலை பார்க்கும் மாணவன் ஒருவன், "சார், எல்லாத்துக்கும் வீடியோ இருக்கு. பார்த்து நீங்களே மாத்திரலாம்" என்றான். இருவரும் அன்பால் சொன்னதுதான். ஆனால் இரண்டுமே பாதிதான் சரி என்பது என் கருத்து. ஏன் என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

2023 டிசம்பர் வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. தூத்துக்குடியில் எங்கள் தெருவில் பாதிச் சக்கரம் மூழ்க நான்கு நாள் நின்றது என் வண்டி. தண்ணீர் வடிந்ததும் சீட்டைக் காயவைத்தேன், இன்ஜின் ஆயிலை மாற்றினேன், புது பேட்டரி போட்டேன், ஹேண்ட் பிரேக் கேபிளுக்குக் கிரீஸ் வைத்தேன். பிரேக் டிரம்மை மட்டும் கழற்றிப் பார்க்கவில்லை. மிதித்தால் வண்டி நிற்கிறதே, அது போதும் என்று இருந்துவிட்டேன்.

சில மாதம் கழித்து பிரேக் ஆயில் மட்டம் இறங்கியிருந்தது. ஊற்றினேன். அடுத்த மாதமும் இறங்கியது. மறுபடியும் ஊற்றினேன். மூன்றாவது முறையும் அப்படியே. எங்கே போகிறது என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

ஒரு நாள் காலை ரயில்வே கேட் மூடியிருந்தது. எனக்கு முன்னால் பள்ளிப் பிள்ளைகள் ஏறிய ஆட்டோ. மெதுவாகத்தான் போனேன். பெடலை மிதித்தேன், அது தரை வரைக்கும் போய்விட்டது. இன்னொரு முறை மிதித்தேன், ஒன்றுமில்லை. கியரைக் குறைத்து ஹேண்ட் பிரேக்கை இழுத்ததில் ஆட்டோவுக்கு ஒரு முழம் பின்னால் வண்டி நின்றது. ஆட்டோவின் பின்பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளை என்னைப் பார்த்துக் கையசைத்தது. திருப்பிக் கையசைக்க என்னால் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்க முடியவில்லை.

இவ்வளவுக்கும் நான் பாஸ்கல் விதியை முப்பத்து மூன்று வருடம் நடத்தியவன். இரண்டு சிரிஞ்சை ஒரு டியூபால் இணைத்து, தண்ணீர் நிரப்பி, ஒன்றை அழுத்தினால் மற்றது எழும்புவதை உங்களுக்குக் காட்டியிருக்கிறேன். பிறகு ஒரு காற்றுக் குமிழியை உள்ளே விட்டு அழுத்தச் சொல்வேன். "மெத்துமெத்துன்னு இருக்கு சார்" என்பீர்கள். திரவம் சுருங்காது, காற்று சுருங்கும். காரின் பிரேக்கும் அதே பாடம்தான். மிதிக்கும் இடத்தில் மாஸ்டர் சிலிண்டர், ஒவ்வொரு சக்கரத்திலும் வீல் சிலிண்டர், நடுவில் குழாயும் ஆயிலும்.

அந்த ஆயில் மூடிய சுற்றுக்குள் இருப்பது. அது எரிந்து தீர்வதில்லை. லைனிங் தேயும்போது மட்டம் சற்று இறங்கலாம். மாதாமாதம் இறங்கினால் எங்கோ கசிகிறது என்று மட்டுமே பொருள். பழைய வண்டிகள் பலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே சுற்று. ஒரு இடத்தில் விட்டுப்போனால் நான்கும் போய்விடும். இந்த ஆபத்தை அறிந்துதான் அமெரிக்காவில் 1968-இலேயே புதிய கார்களுக்கு இரட்டைச் சுற்றைக் கட்டாயமாக்கினார்கள்.

என் வண்டியில் கசிந்தது பின் இடது சக்கரத்தின் வீல் சிலிண்டர். வெள்ளத்தில் துருப்பிடித்து, அந்தத் துரு உள்ளே இருந்த ரப்பரைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்திருக்கிறது. டிரம்மைக் கழற்றியிருந்தால் முதல் மாதமே கண்ணில் பட்டிருக்கும்.

அதனால் தங்கை மகனுக்கு என் பதில் இதுதான். பழைய வண்டி வைத்திருப்பவன் பிரேக்கைப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். மெக்கானிக் வருடத்துக்கு இரண்டு முறை பார்ப்பார், நாம்தான் தினமும் மிதிக்கிறோம். பெடல் நம்மிடம்தான் முதலில் சொல்லும்.

அது சொல்வதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. வண்டியை நிறுத்திவைத்துப் பெடலை அழுத்திப் பிடியுங்கள். மெல்ல மெல்லக் கீழே இறங்கி, வெளியே எங்கும் ஈரம் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் போயிருக்கிறது. முதல் மிதியில் ஆழமாகப் போய், இரண்டாவது மிதியில் மேலே கெட்டியாக நின்றால் பெரும்பாலும் ஷூவை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். எத்தனை முறை மிதித்தாலும் மெத்துமெத்தென்று இருந்தால் உள்ளே காற்று.

பிரேக் போடும்போது வண்டி வலது பக்கம் இழுத்தால் எல்லோரும் வலது சக்கரத்தைத்தான் கழற்றுவார்கள். ஆனால் வலதுபக்கம் நன்றாகப் பிடிப்பதால்தான் அங்கே இழுக்கிறது. கோளாறு பெரும்பாலும் இடதுபக்கம் இருக்கும். சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்தால் தொட்டுப் பாருங்கள். தடித்து, வாடை அடித்தால் அது ஆக்ஸில் ஆயில். மெல்லியதாக இருந்து தண்ணீரில் கழுவினால் போய்விட்டால் பிரேக் ஆயில்.

இப்போது தம்மாம் மாணவனுக்கு. வீடியோ பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் அது எப்படி மாற்றுவது என்று சொல்லித்தரும், எதை மாற்றுவது என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். முத்தையாபுரத்தில் என் மாணவன் ஒருவனிடம் அவன் அப்பா ஓட்டிய பிரீமியர் பத்மினி இருக்கிறது. கொஞ்ச தூரம் ஓடினாலே முன் சக்கரம் ஒன்று பிடித்துக்கொண்டு சூடாகும். ஒரு பட்டறையில் ஷூ, வீல் சிலிண்டர் எல்லாம் மாற்றினார்கள். பணம் போனது, கோளாறு போகவில்லை. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்ற முடிவோடு எனக்குப் போன் செய்தான்.

சக்கரம் பிடித்திருக்கும்போதே ஏர் எடுக்கும் நிப்பிளைச் சற்றுத் தளர்த்தச் சொன்னேன். ஆயில் பீய்ச்சியடித்து, சக்கரம் உடனே விட்டது. அப்படியென்றால் ஷூவிலும் ஸ்பிரிங்கிலும் கோளாறில்லை, அழுத்தம் உள்ளே மாட்டியிருக்கிறது. எல்லாச் சக்கரமும் பிடித்தால் மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகப்படலாம். ஒன்று மட்டும்தான் என்பதால் அந்தச் சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸைப் பார்க்கச் சொன்னேன். வெளியே நன்றாக இருந்தது, உள்ளே ஊதி அடைத்திருந்தது. மிதிக்கும்போது ஆயிலை விடும், காலை எடுத்தால் திரும்பிப் போக விடாது. ஒரே ஒரு ஹோஸ் மாற்றினான். அப்பாவின் வண்டி இன்றும் ஓடுகிறது.

நம் ஊருக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த அளவு 140 டிகிரிதான். அந்த ஈரமே சிலிண்டரை உள்ளிருந்து துருப்பிடிக்கவும் வைக்கும். வெளியே இரும்புக் குழாய்களை உப்பளக் காற்று பார்த்துக்கொள்ளும். வண்டி ஓடவில்லையே என்று கிலோமீட்டர் கணக்குப் பார்க்காதீர்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆயிலை முழுவதும் மாற்றுங்கள். திறந்து வைத்த பழைய டப்பாவிலிருந்து ஊற்ற வேண்டாம். இன்ஜின் ஆயில் ஒரு சொட்டுக்கூட உள்ளே போகக் கூடாது, ரப்பரெல்லாம் ஊதிவிடும்.

வீட்டில் செய்கிறவர்களுக்கு எல்லைகளும் உண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி, செங்கல்லை அடுக்கி, வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்ட் வேண்டும், சக்கரத்துக்குக் கட்டை வேண்டும். டிரம்மிலுள்ள தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். அரித்த குழாய், தேய்ந்த டிரம், கீறல் விழுந்த சிலிண்டர் என்றால் தெரிந்த மெக்கானிக்கிடம் போய்விடுங்கள். நானும் அந்த வீல் சிலிண்டரை அவரிடம் கொடுத்துத்தான் மாற்றினேன். எது கெட்டது என்று தெரிந்துகொண்டு போனேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைசியாக ஒன்று. ஏர் எடுப்பது தனியாள் வேலை அல்ல. ஒருவர் பெடலை மிதிக்க வேண்டும், ஒருவர் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். அவர் மூடுவதற்கு முன் இவர் காலை எடுத்தால் காற்று உள்ளே போய்விடும். நம் கடற்கரையில் 1961 வரை முத்துக் குளித்தார்கள். மூழ்குபவன் கயிற்றைப் படகில் மச்சான் கையில்தான் கொடுப்பான் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். என் வண்டியில் பெடலை மிதிப்பதும் என் மச்சான்தான். முடிந்ததும் அவரே ஒவ்வொரு நிப்பிளையும் மறுபடி பார்ப்பார். அதன்பிறகு காலி மைதானத்தில் பத்து தடவை நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் ரோட்டுக்கு எடுக்கிறேன்.

வீட்டில் பழைய வண்டி நிற்கிறதா? இன்று மாலை ஆயில் மட்டத்தைப் பார்த்து, டப்பாவில் ஒரு கோடு போட்டு வையுங்கள். அடுத்த மாதம் அது இறங்கியிருந்தால், ஊற்றுவதற்கு முன்னால் எங்கே போகிறது என்று கேளுங்கள். நான் கேட்காததை அந்த ஆட்டோப் பிள்ளையின் முகம் இன்னும் எனக்கு நினைவுபடுத்திக்கொண்டிருக்கிறது.

எல்லோரும் நலமாக இருங்கள்.