காளானுக்கும் காற்று வேண்டும்

கேள்வி: ஜன்னல் இல்லாத கொட்டகைக்குள் பாலித்தீன் கூடாரம் போட்டுச் சிப்பிக்காளான் வளர்க்கையில், விசிறி வைத்தும் காம்பு நீண்டு, குடை சிறுத்து வருவது ஏன்?

பதில்: காளானும் மனிதரைப் போலப் பிராணவாயுவை எடுத்துக் கரியமில வாயுவை விடுகிறது. விசிறி அதைக் கொட்டகைக்குள்ளேயே தள்ளினால், அதே கெட்ட காற்றுதான் கூடாரத்துக்குத் திரும்பும். எனவே குழாய் பொருத்திக் கொட்டகைக்கு வெளியே விட வேண்டும். எதிர்ச் சுவரிலும் கூடாரத்திலும் தரையை ஒட்டிப் புதுக் காற்று நுழைய வழி வைத்து, ஈ வராமல் நைலான் வலை கட்டவும். காற்று ஓடினால் ஈரம் குறையும்; தரை மணலை நனைத்து 80-85 சதவீத ஈரப்பதம் காக்கவும். முற்றிய குடையிலிருந்து உதிரும் வெண்தூள், மூடிய கொட்டகையில் இருமலும் மூச்சிரைப்பும் தரும். குடை ஓரம் சுருளும் முன்பே, முகக்கவசம் அணிந்து பறிக்கவும்.