மருதானையிலிருந்து மண்டைதீவு வரை: ரசிகருக்கு நல்ல மைதானம் எது?

வெள்ளவத்தையில் ரயில் ஏறினால் கரையோரப் பாதையால் மருதானையில் வந்து இறங்கலாம். அங்கிருந்து பஞ்சிகாவத்தை, மாளிகாவத்தைப் பக்கமாக நடந்தால் கெத்தாராம மைதானத்தின் விளக்குக் கோபுரங்கள் தெரியும். வெளிநாடுகளிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்கள், எந்த மைதானத்தில் ஆட்டம் பார்க்கலாம் என்று கேட்கிறார்கள். யாழ்ப்பாணத்திலும் சர்வதேச மைதானம் வருகிறதாமே என்பது அடுத்த கேள்வி. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

கெத்தாராம 1986இல் திறக்கப்பட்டது. பின்னர் ஆர்.பிரேமதாசவின் பெயர் சூட்டப்பட்டது. சதுப்பு நிலத்தில் எழுந்த மைதானம் என்பதால் மழை அதன் நிரந்தரத் தலையிடி. 2025 ஒக்டோபரில் பெண்கள் உலகக் கிண்ண ஆட்டங்கள் பல இங்கே மழையில் கரைந்துபோயின. ஆனாலும் இரவு ஆட்டமொன்றை பப்பரே வாத்தியச் சத்தத்தோடு பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் கொழும்பில் இல்லை. மழை இருண்டு வரும்போது ஊழியர்கள் ஓடிவந்து திடல் முழுவதையும் மூடுவதே ஒரு தனி ஆட்டம்.

எங்களில் பலருக்கு அந்த மைதானத்தின் நினைவு வேறு விதமானது. 1996 ஜனவரி 31 அன்று மத்திய வங்கியில் குண்டு வெடித்தது. அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் உலகக் கிண்ணத்துக்காகக் கொழும்புக்கு வர மறுத்தன. பெப்ரவரி 13 அன்று இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே அணியாகச் சேர்ந்து கெத்தாராமவில் வந்து விளையாடின. அது நட்பின் பெரிய அடையாளமாக இன்றும் சொல்லப்படுகிறது. அந்த நாட்களில் வடக்கில் பிறந்த ஓர் இளைஞர் மருதானைச் சந்தியைத் தாண்டுவதற்கே அடையாள அட்டையை எத்தனை தடவை எடுத்து நீட்ட வேண்டியிருந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்தால் நுழைவுச்சீட்டு கையில் இருந்தும் பயனில்லை. இத்தனைக்கும் முத்தையா முரளிதரன் 1992 ஓகஸ்டில் தன் முதலாவது டெஸ்ட் ஆட்டத்தை ஆடியது அதே திடலில்தான்.

என்னைக் கேட்டால், உறவினர்களை முதலில் அழைத்துப்போக வேண்டியது பொரளைப் பக்கத்திலுள்ள பி.சரா ஓவலுக்கு. சிறிய மைதானம். தமிழ் யூனியன் கழகத்துக்குச் சொந்தமானது. பாக்கியசோதி சரவணமுத்து என்ற தமிழரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1948இல் பிரட்மன் இங்கே ஆடினார். இலங்கையின் முதலாவது டெஸ்ட் ஆட்டம் 1982 பெப்ரவரியில் இங்கேதான் நடந்தது. முதலாவது டெஸ்ட் வெற்றியும் 1985 செப்டெம்பரில், இந்தியாவுக்கு எதிராக, இங்கேதான். இந்த இரண்டு திகதிகளுக்கும் நடுவில் 1983 ஜூலை இருக்கிறது. அந்த வன்முறை மூண்ட கனத்தை மயானமும் இதே பொரளையில்தான் இருக்கிறது. ஒரு நாடு தன் முதல் வெற்றியைக் கொண்டாடிய இடத்துக்கும், எங்கள் மக்கள் வீடுகளை விட்டு ஓடத் தொடங்கிய இடத்துக்கும் இடையில் அதிக தூரமில்லை.

காலி மைதானத்தைக் கோட்டை மதிலில் நின்று காசில்லாமலே பார்க்கலாம். சுனாமி அழித்த மைதானம் 2007 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. முரளியின் 800ஆவது விக்கெட்டும் அங்கேதான்.

இனி மண்டைதீவுக்கு வருவோம். 2025 செப்டெம்பர் 1 அன்று ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அங்கே சர்வதேச மைதானத்துக்கான பணிகளைத் தொடக்கிவைத்தார். 40,000 பேர் அமரக்கூடியதாக அமையும் என்பது திட்டம். வடக்கின் பிள்ளைகளுக்குப் புற்றரை ஆடுகளமும் பயிற்சி வசதியும் தேவை என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் சூரியவெவ மைதானத்தை நாம் பார்த்திருக்கிறோம். 2011 உலகக் கிண்ணத்துக்காக ஏறத்தாழ 35,000 இருக்கைகளோடு கட்டப்பட்ட அது இன்று வருடத்தின் பெரும்பாலான நாட்கள் வெறுமையாகக் கிடக்கிறது. மண்டைதீவுக்கு யாழ் நகரிலிருந்து போகும் தரைவழி பண்ணைப் பாலத்து வீதி ஒன்றுதான். ஆட்ட நாளில் அத்தனை பேரும் அதனால்தான் போய்த் திரும்ப வேண்டும். சுற்றிவரக் கடல்நீரேரி, தாழ்ந்த நிலம், கவனமாகப் பேண வேண்டிய நன்னீர்.

இவற்றையெல்லாம் பொறியியலாளர்கள் கணக்குப் பார்க்கலாம். கிணறுகளின் கதை அப்படிப்பட்டதல்ல. 1990இல் இராணுவம் தீவுப்பகுதிக்குள் நுழைந்தபோது பிடிக்கப்பட்டுக் காணாமற்போனவர்களின் உடல்கள் மண்டைதீவுக் கிணறுகளில் போடப்பட்டன என்று உறவினர்கள் 35 வருடங்களாகச் சொல்லி வருகிறார்கள். அவற்றைத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்பதே அவர்களின் கோரிக்கை. இதைப் பழைய புண்ணைக் கிளறுவதாகச் சொல்பவர்கள் துரையப்பா விளையாட்டரங்கை நினைத்துப் பார்க்க வேண்டும். 1999இல் அங்கே புனரமைப்பு வேலை நடந்தபோது மண்ணுக்குள்ளிருந்து மனித எலும்புக்கூடுகள் வந்தன. 2016இல் இந்திய உதவியோடு புதுப்பிக்கப்பட்டு அரங்கு கோலாகலமாகத் திறக்கப்பட்டது. எலும்புகள் யாருடையவை என்ற கேள்வி அந்தக் கோலாகலத்தில் எழவில்லை.

2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்திலும் கட்டட வேலைக்காக மண்ணை வெட்டியபோதுதான் எலும்புகள் தட்டுப்பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில் அகழ்வு தொடங்கி, சில மாதங்களில் 200இற்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. மண்டைதீவில் அதே நடைமுறையை மைதானம் எழுவதற்கு முன்னரே செய்ய முடியும். கிணறுகள் எங்கே இருந்தன என்று காட்டக்கூடிய முதியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.