பனியில் ஒரு பாதை



கனடாவின் கியூபெக் மாகாணத்தில் குளிர்காலந்தோறும் பலர் ஸ்னோமொபைல் என்னும் பனி வண்டியில் நாட்கணக்காகப் பயணம் போகிறார்கள். பகலெல்லாம் ஓட்டி, இரவில் வழியோர விடுதியில் தங்கி, மறுநாள் தொடர்வார்கள். 30,000 கிலோமீட்டருக்கும் மேலான பாதைகள் அங்கே உண்டு. பகலில் வண்டிகள் குழியாக்கிய பனியை உள்ளூர்ச் சங்கத்தினர் இரவில் இயந்திரத்தால் சமன் செய்கிறார்கள். இரவுக் குளிரில்தான் அது நன்றாக இறுகும். ஓட்டுபவர்கள் உறங்கும் நேரம் அது.

இந்த வண்டிக்குப் பின்னே ஒரு துக்கம் இருக்கிறது. 1934-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், வால்கூர் ஊரைச் சேர்ந்த ஜோசப்-அர்மான் பொம்பார்டியரின் இரண்டு வயது மகன் நோயுற்றான். பாதைகள் பனியால் மூடிக் கிடந்தன. மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியவில்லை. பிள்ளை மரித்தான். பனிமேல் ஓடும் வண்டிக்காக முன்பே முயன்றுவந்த அந்தத் தகப்பன், 1937-க்குள் ஏழுபேர் அமரும் வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று உல்லாசத்திற்கு ஓட்டும் சிறிய வண்டி 1959-இல் வந்தது.

“இதற்காகவே தேவன் அந்தப் பிள்ளையை எடுத்துக்கொண்டார்” என்று சொல்லி முடிக்க நமக்கு நாக்குத் துடிக்கும். நானும் துக்க வீடுகளில் அப்படிப் பேசியிருக்கிறேன், இப்போது பேசுவதில்லை. அது தகப்பனின் உழைப்பை விளக்கலாம், பிள்ளையின் மரணத்தை விளக்காது. மரியாள் அழக் கண்ட இயேசு அவளுக்குக் காரணம் சொல்லவில்லை, அவரும் அழுதார்.

நம் சபையின் துக்க வீடுகளில், ஒரு வார்த்தையும் பேசாமல் வந்து, இரவில் பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டுப் போன சகோதரிகளை நான் கண்டிருக்கிறேன். காலையில் அந்த வீட்டார் எழுந்தபோது அடுப்படி சுத்தமாயிருந்தது.